எய்ர்வெனக்காவின் இங்கிலீஷ்

அம்மிணி, கோபித்துக்கொள்ள வேண்டாம். அடுத்தவர் போனில் பேசுவதைக் காது கொடுத்துக் கேட்கிற பழக்கம் எனக்கு இல்லை. ஆனால் வேல்ஸ் தேசத்தில், இந்த மலைச்சரிவில் ஏறுகிற பஸ்ஸில், பின்சீட்டிலிருந்து 'சாப்ட்டீங்ளாம்மா' என்று ஒரு குரல் கேட்டால் நான் என்ன செய்வேன், நீங்களே சொல்லுங்கள். எந்த ஊர்? கோபியா, காங்கேயமா? சென்னிமலையா. அப்படியென்றால் பக்கம்தான். எனக்குத் தாராபுரம். பேர் சம்பூர்ணம். இங்கே சாம் என்பார்கள்.

இன்னொன்றும் காதில் விழுந்தது. "இவங்க பேசறது ஒண்ணும் வெளங்கலீங்ம்மா, வார்டுல நின்னு முழிச்சிட்டே இருக்கறேன்" என்று சொன்னீர்கள். ஆஸ்பத்திரிக்குத்தானே போகிறீர்கள், கடைசி நிறுத்தம். எனக்கு அதற்கு மூன்று நிறுத்தம் முன்னால். சனிக்கிழமை கூட்டம், இந்த டிரைவர் மெதுவாகத்தான் போவார். நேரம் இருக்கிறது.

நான் அதிகம் பேசுகிறவள் அல்ல. கூச்ச சுபாவம். நாலு பேர் இருக்கிற இடத்தில் வாயைத் திறக்க மாட்டேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் என்னைப் பற்றி இந்தப் பள்ளத்தாக்கில் இப்போது வேறு மாதிரிப் பேச்சு இருக்கிறது.

வீட்டுக்காரர் போன மறுவருஷம் இங்கே வந்தேன். எட்டு வருஷம் ஆகிறது. என் மகன் திருமூர்த்தி இங்கே டாக்டர். மருமகளும் டாக்டர், கார்டிஃபில். இரண்டு பேரும் காலையில் போனால் பொழுது சாய்ந்துதான் வருவார்கள். எனக்கு எட்டாம் வகுப்புப் படிப்பு, அதுவும் தமிழில். இங்கிலீஷில் இருபத்தாறு எழுத்தும் என் பேரும் தெரியும், அவ்வளவுதான். மகன் என்னை லைப்ரரியில் நடக்கிற இங்கிலீஷ் வகுப்பில் சேர்த்துவிட்டான். அங்கே ஒரு அம்மா ரேடியோப் பெட்டியில் சொல்லச் சொல்லத் திருப்பிச் சொல்ல வேண்டும். 'உங்களைச் சந்தித்ததில் மகிழ்ச்சி அடைகிறேன்.' 'தபால் நிலையத்திற்கு எவ்வாறு செல்ல வேண்டும்?' சொன்னேன். வெளியே வந்து தெருவில் பார்த்தால் ஒருவர்கூட அப்படிப் பேசவில்லை. யாரும் யாரையும் சந்தித்து மகிழ்ச்சி அடையவில்லை. தபால் நிலையமோ மூடியாகிவிட்டது. ஆறு வாரம் போனேன், நின்றுவிட்டேன்.

எனக்கு இங்கிலீஷ் சொல்லிக் கொடுத்தது பக்கத்து வீட்டு எய்ர்வெனக்கா. சொல்லிக் கொடுத்தார் என்றுகூடச் சொல்ல முடியாது. அவர் பேசினார், எனக்கு ஒட்டிக்கொண்டது.

எய்ர்வென் ஜோன்ஸ் என்று பேர். இந்தத் தெருவில் மட்டும் ஜோன்ஸ் ஏழு வீடு. நம் ஊரில் பழனிச்சாமி எட்டுப் பேர் இருந்தால் என்ன செய்வோம்? சைக்கிள்கடைப் பழனிச்சாமி, மோட்டார்காட்டுப் பழனிச்சாமி என்போம் அல்லவா. அதே முறைதான் இங்கேயும். அக்காவின் வீட்டுக்காரர் ஐவர் ரொட்டிக்கடை வைத்திருந்தவர், செத்து இருபது வருஷம். ஆனாலும் அக்கா கடைசிவரை எய்ர்வென் பன்ஸ்தான். அந்த முறைப்படி என்னை சாம் டாக்டர் ஆக்கிவிட்டார்கள். எனக்குத் தலைவலித் தைலம் தவிர வேறு வைத்தியம் தெரியாது.

முதல்நாள் நடந்ததைச் சொல்கிறேன். பின்கட்டில் இடுப்புயரச் சுவர். அந்தப் பக்கம் ஒரு வயசான அம்மா ஈரத் துணியைக் கொடியில் போட முடியாமல் நிற்கிறார், தோளில் வலி. நான் ஒன்றும் பேசவில்லை. பேச என்ன தெரியும். சுவரைச் சுற்றிப் போனேன், துணியை வாங்கி உதறிப் போட்டேன். அவர் என்னைப் பார்த்து லவ் என்றார், பாச் என்றார், இன்னும் என்னவோ சொன்னார். அன்றைக்கு ராத்திரி மகனிடம் கேட்டேன். "லவ் என்றால் அன்பு அம்மா. இங்கே எல்லாரையும் அப்படிக் கூப்பிடுவார்கள். பாச் என்றால் சின்ன, அது வெல்ஷ் மொழி. அதற்கெல்லாம் பெரிதாக அர்த்தம் இல்லை" என்றான்.

அர்த்தம் இல்லையாம். நம் பக்கத்தில் பஸ்ஸில் ஏறினால், "அக்கட்டத் தள்ளி உக்காருங் கண்ணு" என்கிறோமே, அந்தக் கண்ணுக்கு என்ன அர்த்தம்? கண்ணா, மூக்கா? யாரும் கேட்பதில்லை. கேட்கிறவருக்குத் தெரியும். எனக்கு அன்றைக்கே தெரிந்துவிட்டது, இந்த அம்மா பேசுவது நம் பேச்சு என்று.

அதனால் ஒன்று செய்கிறேன், அம்மிணி. அக்கா பேசினதை உங்களுக்கு நம் பேச்சிலேயே சொல்கிறேன். என் காதில் அப்படித்தான் விழுந்தது.

தினமும் பதினொரு மணிக்கு அவர் வீட்டில் டீ. நவ் இன் எ மினிட் என்பார். 'இப்ப, ஒரு நிமிஷத்துல.' இப்பொழுதா, ஒரு நிமிஷம் கழித்தா என்று என் மகன் குழம்புவான். எனக்கு அந்தக் குழப்பம் ஒரு நாளும் வந்ததில்லை. நம் ஊரில் "இதா வந்துட்டனுங்க" என்று போனில் சொல்கிறவர், அதற்கப்புறம்தானே தண்ணி வாத்துக் குளிக்கப் போகிறார். 'எப்படி இருக்கீங்க' என்று கேட்டால் நாட் டூ பேட் என்பார்கள். மோசமில்லை என்று அர்த்தமில்லை அம்மிணி, வலி உயிர் போகிறது என்று அர்த்தம். வார்டில் உங்களுக்கு இது உதவும், மனசில் வைத்துக்கொள்ளுங்கள். நம்மவர்கள் பல்லைக் கடித்துக்கொண்டு "ஏதோ இருக்கறனுங்க" என்பதில்லையா.

அருவருப்பு வந்தால் அக்கவீ என்பார். கோபம் உச்சத்தில் இருந்தால் டாம்பிங். நல்லவிதமாக இருந்தால் டைடி. யாரையாவது திட்டுவதற்கு முன்னால், 'நான் வேடிக்கைக்குச் சொல்லலை' என்று ஆரம்பிப்பார். அப்புறம் சொல்வதைக் கேட்டு நான் வயிறு வலிக்கச் சிரிப்பேன். ஒவ்வொரு பேச்சுக்கும் கடைசியில் ஒரு இழுப்பு. மேலே போய்க் கீழே இறங்குகிற ராகம். அந்த ராகமும் எனக்கு வந்துவிட்டது. நானாக வரவழைக்கவில்லை. எட்டு வருஷம் ஒரே ஆளிடம் கேட்டால் வேறு எப்படி வரும்?

என் மகனுக்கு அது பிடிக்கவில்லை. அவன் மெட்ராஸில் ஹாஸ்டலில் படித்தவன். தமிழே செய்தி வாசிக்கிற மாதிரித்தான் பேசுவான். "அம்மா, நீங்கள் பேசுவது இந்தப் பள்ளத்தாக்கின் கொச்சை. வேறு ஊருக்குப் போனால் சிரிப்பார்கள்" என்பான். நான் வேறு ஊருக்கு எங்கே போகப்போகிறேன்? வந்த ஊரில் பேசினால் போதாதா?

அது கிடக்கட்டும். போன ஜனவரியில் அக்காவை நீங்கள் வேலை செய்கிற அந்த ஆஸ்பத்திரியில்தான் சேர்த்தார்கள். நெஞ்சில் சளி. நான் போய் உட்கார்ந்திருப்பேன். ஒருநாள் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்:

"இங்க பாரு சாம். நான் போயிட்டனா, சாப்பல்ல நீ ரெண்டு வார்த்த பேசோணும். கேட்டியா?"

"எனக்கு எங்கீங்க்கா பேச வரும்? ரியன் பேசட்டும்."

"ரியன் பேசுனா பேங்க்குல பேசற மாதிரி இருக்கும். நீ பேசு."

ரியன் அவர் மகள். ஒரே பிள்ளை. ஐம்பது வயசு இருக்கும். லண்டனில் பெரிய ஆபீசில் பெரிய வேலை. மாசம் ஒருதரம் வருவாள், பூ வாங்கி வருவாள், நல்லவள்தான். ஆனால் அம்மாவின் பேச்சு ஒரு துளி அவளிடம் இல்லை. வாயைத் திறந்தால் லைப்ரரிப் பெட்டி. அவள் வந்திருக்கும்போது அக்காகூடக் கொஞ்சம் பயந்து பயந்து பேசுவார். நான் கவனித்திருக்கிறேன்.

தேறி வீட்டுக்கு வந்துவிட்டார், ஆனால் பிப்ரவரியில் ஒருநாள் திடீரென்று போய்விட்டார். பாதிரியாரிடமும் சொல்லி வைத்திருந்தார் போல. அவரே வந்து என்னிடம், நீங்கள் பேசுகிறீர்கள் அல்லவா என்று கேட்டார். மகன் உடனே, "நான் எழுதித் தருகிறேன் அம்மா, பார்த்து வாசித்தால் போதும்" என்றான். எழுதியும் கொடுத்தான். அதில் 'அண்டை வீட்டாருக்கு எடுத்துக்காட்டாகத் திகழ்ந்தவர்' என்று இருந்தது. நான் அதைக் கைப்பையில் மடித்து வைத்துக்கொண்டேன். அங்கே போய் அதை வெளியில் எடுக்கவே இல்லை.

சாப்பல் என்கிற அவர்கள் கோயில் நிறைய ஆள். நான் எண்ணினேன், நூற்றுப் பன்னிரண்டு பேர். என் பேரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். முன்னால் போனேன். சவப்பெட்டி அங்கே இருக்கிறது. நம் ஊரில் சாவு வீட்டில் நாம் செத்தவரைப் பற்றியா பேசுகிறோம்? செத்தவரோடுதானே பேசுகிறோம். 'என்னை விட்டுப்போட்டுப் போயிட்டியே' என்று கேட்பது யாரிடம்? திட்டுவோம், வழக்குப் பேசுவோம், பழசையெல்லாம் எடுத்துக் கேட்போம். எனக்குத் தெரிந்த முறை அது ஒன்றுதான். இங்கே பெட்டிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, உட்கார்ந்திருக்கிறவர்களைப் பார்த்துப் பேச வேண்டுமாம். எனக்கு யாரும் சொல்லவில்லை. நான் பெட்டியைப் பார்த்துத் திரும்பிக்கொண்டேன். அக்காவிடம் பேசுவதற்கு எனக்கு என்ன கூச்சம்?

சொன்னேன்: "அக்கா, நான் வேடிக்கைக்குச் சொல்லல, ஆனா நீ பண்ணுனது நல்லாவா இருக்குது? கொடியில துணியக் காயப்போட்டுப்போட்டு யாராச்சும் போவாங்களா? உன்ற பெட்சீட்டு ரெண்டும் மூணு நாளா மழையில கெடக்குது, நான்தான் எடுத்துட்டு வந்தேன். கூறு கெட்டவளே. உனக்கு என்ன அப்படி அவசரம்? ஐவரு இருவது வருசம் காத்துட்டு இருந்தவரு, இன்னும் ரெண்டு மாசம் காத்துட்டு இருக்க மாட்டாரா? இதா வந்துட்டேன், இதா வந்துட்டேன்னு எல்லாத்துக்கும் அரை மணி நேரம் பண்ணுவியே, இதுக்கு மட்டும் எப்படிச் சொன்ன நேரத்துக்குக் கெளம்புன?"

முதலில் ஒருவர் சிரித்தார். அப்புறம் நாலைந்து பேர். நான் திரும்பிப் பார்க்கவில்லை.

"பாதிரியாரு கதவத் தட்டுனப்ப, நான் தூங்கறேன்னு சொல்லுன்னு என்னைய அனுப்பிப்போட்டு, ஜன்னல் தெரைக்குப் பின்னால நின்னியே. இப்ப அவரு உன்ற பக்கத்துலதான் நிக்கறாரு. எங்க போயி ஒளிவ?"

சாப்பல் முழுக்கச் சிரிப்பு. பாதிரியார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். அவரும் சிரித்தார், நான் பார்த்தேன். கடைசியில், "சரி கண்ணு, ஆகட்டும்" என்று சொல்லிப் பெட்டியைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு வந்து உட்கார்ந்தேன். சிரிக்காதவர்கள் மூன்றே பேர். ரியன், அவள் வீட்டுக்காரர், என் மகன்.

அப்புறம் பக்கத்து ஹாலில் டீ. ரொட்டிக்கு நடுவில் பன்றிக்கறி வைத்துத் தட்டுத் தட்டாக வருகிறது. நான் வெறும் ரொட்டியைத் தேடிக்கொண்டு நிற்கிறேன். ரியன் நேராக என்னிடம் வந்தாள். அவள் பேசியதை எப்படிச் சொல்வது? அவள் பேச்சுக்கு நம் பேச்சு ஒத்துவராது. புத்தகம் மாதிரித்தான் சொல்ல வேண்டும்.

"என் தாயாரைப் போலப் பேசிக் காட்டினீர்களா?" என்றாள்.

எனக்குப் புரியவில்லை.

"அவருடைய சொற்கள், அவருடைய குரல். சவப்பெட்டிக்கு முன்னால் நின்று நடித்துக் காட்டினீர்கள். எல்லாரும் சிரித்தார்கள். என் தாயாரின் பேச்சு உங்களுக்குக் கேலிப்பொருளா?"

"எனக்கு வேற இங்கிலீஷ் தெரியாது கண்ணு" என்றேன்.

சத்தியமான வார்த்தை. ஆனால் அதுவும் அக்காவின் ராகத்தில்தான் வந்தது. லவ் என்றுதானே முடித்தேன். அவள் முகம் வெளுத்துவிட்டது. கையிலிருந்த தட்டை வைத்துவிட்டுப் போனாள்.

காரில் மகன் ஆரம்பித்தான். "நீங்கள் செய்தது தவறு அம்மா. அவர்கள் மனம் புண்பட்டிருக்கிறது. மன்னிப்புக் கேட்க வேண்டும்."

"எதுக்கு?"

"அவர் அம்மாவைப் போல் பேசியதற்கு."

"நான் என்னையாட்டத்தான் பேசினேன்."

இரண்டு நாளில் ஒரு கார்டு வாங்கி வந்தான். மேலே அல்லிப்பூப் படம். உள்ளே அவனே எழுதியிருந்தான். நான் கையெழுத்துப் போட்டால் போதும். என்ன எழுதியிருக்கிறாய், படி என்றேன். 'என் பேச்சு ஏற்படுத்தியிருக்கக்கூடிய எவ்வித வேதனைக்கும் ஆழ்ந்த வருத்தம் தெரிவித்துக்கொள்கிறேன்.' இது யார் பேசுவது என்று கேட்டேன். நீங்கள்தான் அம்மா என்றான். நான் இல்லை, என்றேன். என் பேரைப் போட்டு வேறு யாரோ பேசுவதற்கு நான் எதற்கு? பூப்படம் நன்றாக இருந்ததால் கார்டை ஜன்னலில் நிறுத்தி வைத்தேன். கையெழுத்துப் போடவில்லை. இன்றைக்கு வரைக்கும் போடவில்லை.

அப்போதுதான் அவன் அந்த வார்த்தையைச் சொன்னான். "இது சரியாகும்வரை வெளியில் இங்கிலீஷ் பேச வேண்டாம் அம்மா. எனக்கு இந்த ஊரில் மரியாதை இருக்கிறது. என்னிடம் வருகிற நோயாளிகள் எல்லாரும் கேட்கிறார்கள்."

கேட்கிறார்கள்தான். கேட்டுவிட்டு அவனிடம், உங்கள் அம்மா அருமையாகப் பேசினார் என்று சொல்கிறார்கள். அவன் அதை மரியாதைக்குச் சொல்வதாக நினைக்கிறான்.

அம்மிணி, அவன் வாயை மூடச் சொன்னது எனக்கு எப்படி இருந்தது தெரியுமா? பதினொரு மணி ஆகிறது, டீக்குப் போக வீடில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் சத்தமில்லை. ஆனால் கடையில் போய், 'பால் எங்கிட்டுங்க வெச்சிருக்கீங்க' என்று நான் கேட்டால், என் காதில் அக்காவின் குரல் விழும். என் வாயிலிருந்துதான் வரும், ஆனால் அவர் குரல். நான் பேசினால்தான் அது எனக்கே கேட்கும். வாயை மூடினால் அதுவும் இல்லை. அப்புறம் அந்தக் குரல் எங்கே இருக்கிறது, சொல்லுங்கள். மகளிடம் இல்லை. எந்த ஒலிநாடாவிலும் இல்லை.

அதனால் பேசினேன். வாயைத் திறக்காத நான், அன்றையிலிருந்து பேச ஆரம்பித்தேன். பால்கடை, மருந்துக்கடை, பஸ் நிறுத்தம், ஒன்று பாக்கியில்லை. தெரிந்தவர், தெரியாதவர் என்று பார்க்கவில்லை. மழை வருமா என்று கேட்டேன். முட்டுவலி எப்படி என்று கேட்டேன். மகனுடைய நோயாளிகளை வழியிலேயே நிறுத்தி அவர்கள் நோயை அவனுக்கு முன்னால் நான் கேட்டுக்கொண்டேன். சாம் டாக்டர் என்ற பேர் அப்போதுதான் எனக்குப் பொருத்தமாயிற்று. மகன் ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. நான் மற்ற எல்லாரோடும் பேசிக்கொண்டிருந்ததால் அது எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை.

மார்ச் கடைசியில் ரியன் வீட்டைக் காலி பண்ண வந்தாள். வாசலில் விற்பனைப் பலகை நட்டாயிற்று. என்னைப் பார்த்தால் தலையை மட்டும் அசைப்பாள். நானும் அசைப்பேன். அன்றைக்கு அவள் வீட்டிலிருந்த போர்வை, விரிப்பு எல்லாவற்றையும் துவைத்துக் கொடியில் போட்டுவிட்டு உள்ளே சாமான் கட்டிக்கொண்டிருந்தாள். நான் என் வீட்டுப் பின்கட்டில் நிற்கிறேன். மலைமேல் மேகம் இறங்குகிறது. இந்த ஊர் மழை சொல்லிவிட்டு வராது. சுற்றிப் போனேன். கேட்கவில்லை. கேட்டால் வேண்டாம் என்பாள். ஒவ்வொன்றாக எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டேன்.

கதவு திறந்தது.

"என்ன பண்ணுகிறீர்கள்?" என்றாள். முதல் வார்த்தை புத்தகம்தான்.

"மழை வருது கண்ணு."

"அதை அங்கேயே வையுங்கள். இது என் தாயாரின் வீடு. நீங்கள் யார் இதற்குள் வர?"

நான் வைக்கவில்லை. இன்னொரு விரிப்பை எடுத்தேன். ஒரு ஓரம் மண்ணில் பட்டுவிட்டது. நான் தவறாக எடுத்தேன் என்று இல்லை, காற்று. அவ்வளவுதான், அவளுக்கு வந்தது பாருங்கள்:

"அக்கவீ, மண்ணுல இழுத்துப்போட்டயே. நான்தான் இதா எடுக்கறேன், இதா எடுக்கறேன்னு இருக்கறனே, அதுக்குள்ள உனக்கு என்ன கேடு? எட்டு வருசமா உனக்கு இதே சோலி. எங்கம்மாவக் கேக்காம அவ துணியத் தொட்ட, என்னையக் கேக்காம என்ற துணியத் தொடற. நான் வேடிக்கைக்குச் சொல்லல, நீ ஒரு கூறுகெட்டவ. அங்க வையி. அங்க இல்ல, இங்க. வையிங்கறேன்."

இழுப்பு, இறக்கம், மூச்சு விடுகிற இடம், எல்லாம். இடுப்பில் கை வைத்து நின்ற விதம்கூட. நான் தோளில் நாலு விரிப்போடு நிற்கிறேன். மழை விழுந்துவிட்டது. அவள் திட்டுகிறாள், நான் சிரிக்கிறேன். சிரிக்கக் கூடாதுதான். எய்ர்வெனக்கா என் எதிரில் நின்று என்னைத் திட்டும்போது வேறென்ன செய்வேன்?

அவளுக்கும் கேட்டுவிட்டது. ஒரு வார்த்தை நடுவில் நின்றாள். வாயைக் கையால் பொத்திக்கொண்டாள். அப்படியே பின்வாசல் படியில் உட்கார்ந்துவிட்டாள், மழையில். அழுதாளா என்று கேட்காதீர்கள். நான் பார்க்கவில்லை. நனைந்த விரிப்பை உள்ளே கொண்டுபோய் மடித்துக்கொண்டிருந்தேன், அது ஒரு வேலை. கொஞ்ச நேரம் கழித்து உள்ளே வந்து, "தேநீர் அருந்துகிறீர்களா?" என்று கேட்டாள். மறுபடியும் புத்தகம். சரி என்றேன்.

மன்னிப்பு யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை, அவளும் கேட்கவில்லை. அதற்கு வேலையே இல்லாமல் போயிற்று.

இப்போது இரண்டு சனிக்கிழமைக்கு ஒருதரம் வருகிறாள். வீடு காலி பண்ணுகிறாளாம். இத்தனூண்டு வீட்டைக் காலி பண்ண இத்தனை நாளா என்று நான் கேட்பதில்லை. டீ குடிப்போம். முதல் ஒரு மணி நேரம் அவள் பேங்க் மாதிரித்தான் பேசுவாள். அதைக் கேட்கவா நான் போகிறேன்? அதனால் ஏதாவது செய்வேன். கட்டி வைத்த பெட்டியைப் பிரித்து வேறு மாதிரிக் கட்டுவேன். அவள் கோப்பையில் சர்க்கரை போட்டுவிடுவேன். வீடு விற்கிற தரகரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்வேன். கோபம் வந்ததும் கதவு திறக்கிற மாதிரி உள்ளேயிருந்து அக்கா வந்துவிடுவார். இதுவரை ரியன் ஐந்து தரம் வந்திருக்கிறாள். நாலு தரம் கோபம் வந்தது. ஒருதரம் தலைவலி என்று சும்மா இருந்துவிட்டாள். அன்றைக்கு எனக்கு நஷ்டம்.

அவளுக்குத் தெரியுமா, நான் வேண்டுமென்றே செய்கிறேன் என்று? தெரியாது என்றுதான் நினைக்கிறேன். போனதரம் திட்டி முடித்துவிட்டு, "இன்றைக்கு இது போதுமா?" என்று கேட்டாள். எதைக் கேட்டாள் என்று தெரியவில்லை. சர்க்கரையாக இருக்கும்.

என் மகனையும் ஒருதரம் அப்படிக் கோபப்படுத்திப் பார்த்தேன். வேடிக்கைக்குத்தான். அவன் சின்ன வயசில் எங்கள் தோட்டத்தில் ஆள்காரர்களோடு நின்று பேசுவான் பாருங்கள், அப்படி ஒரு பேச்சு. கோபம் வந்தால் 'அட கெரகமே' என்று ஆரம்பிப்பான். அவனுடைய ஆஸ்பத்திரிச் சட்டையைச் சாயத் துணியோடு போட்டுத் துவைத்துவிட்டேன். நீலமாகிவிட்டது. அவன் பார்த்தான். "பரவாயில்லை அம்மா, தயவுசெய்து இனி தனியாகத் துவையுங்கள்" என்றான். அவனுக்குக் கோபமும் சுத்தமாகத்தான் வருகிறது. நல்ல பிள்ளை. பொறுமைசாலி. அதற்கு என்ன செய்வது?

இதோ, என் நிறுத்தம் வரப்போகிறது. இந்தப் பையைக் கொஞ்சம் நகர்த்துகிறேன், கனம். பெயிண்ட். வாசல் கதவுக்கு. தரகர் சாம்பல் நிறம் அடிக்கச் சொல்லியிருக்கிறார், அதுதான் இப்போது எல்லாரும் விரும்புகிறார்களாம், வீடு சீக்கிரம் போகுமாம். ரியன் நேற்றுப் போன் பண்ணி, டவுனுக்குப் போனால் வாங்கி வையுங்கள் என்று அந்த நிறத்தின் பேரைச் சொன்னாள். இரண்டு தரம் சொன்னாள். எனக்கு நன்றாகவே கேட்டது.

பாருங்கள், மூடிமேல் நிறம் தெரிகிறதா? கிளிப்பச்சை. கடைக்காரப் பெண்கூட, நிச்சயமாக இதுதானா லவ் என்று கேட்டாள். இதுதான் என்றேன். இந்த நிறக் கதவு வைத்த வீட்டை யாரும் வாங்க மாட்டார்கள் என்றும் சொன்னாள். எனக்கு அந்த எண்ணமெல்லாம் இல்லை. வீட்டை விற்பது அவர்கள் பாடு.

வேண்டாம், நீங்கள் தூக்க வேண்டாம் அம்மிணி, நானே எடுத்துக்கொள்கிறேன். அவள் பன்னிரண்டு மணி வண்டிக்கு வருகிறாள். மூடியை நான் நெம்ப மாட்டேன். வாசற்படியில் வைத்துவிட்டு நிற்பேன். அவளே திறந்து பார்க்கட்டும்.